வேலை விண்ணப்பமா, கல்யாண ஜாதகமா?

நம் ஊரில் ‘பயோடேட்டா’ என்ற சொல் இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஒன்று கல்யாணத் தரகரிடம். இன்னொன்று வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில். இரண்டு இடத்திலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: தகப்பனார் யார், அவருக்கு என்ன தொழில், நீங்கள் என்ன ஆளுகள், எந்தக் கோயில் அல்லது எந்தச் சர்ச், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். வேலைக்கான தாளில் நட்சத்திரமும் ராசியும் மட்டும் இன்னும் வரவில்லை. போகிற போக்கைப் பார்த்தால் அதுவும் வந்துவிடும்.

அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். விண்ணப்பங்களைப் பிரிப்பது, பதிவேட்டில் ஏற்றுவது, குறை கண்டுபிடிப்பது, கட்டுக் கட்டி மேலே அனுப்புவது, இதுவே என் வேலையில் பெரும்பகுதி. ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. நாகர்கோவிலில் எங்கள் தெருப் பிள்ளைகளும், தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் தாளைக் கொண்டுவந்து, “தாத்தா, இதைக் கொஞ்சம் பாத்துத் தாருங்க” என்று நீட்டுகிறார்கள். சமீப காலத்தில் அப்படிப் பார்த்துக் கொடுத்தவை ஐம்பதாவது இருக்கும். பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வருகிறது. அந்தப் பிள்ளைகள் மேல் அல்ல. அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேலும், அப்படிக் கேட்கிறவர்கள் மேலும்.

தாளில் என்ன இருக்கிறது? மேலே ஒரு ‘நோக்கம்’. சவாலான ஒரு பணியில் சேர்ந்து, என் திறமைகளை வளர்த்து, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் உழைக்க விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஐம்பது பேரின் தாளிலும் அதே இரண்டு வரி, அதே பிழையோடு. வடசேரி ஜெராக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் மாதிரி அது. பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துக் கொடுக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. கீழே ‘சொந்த விவரம்’. தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில், பிறந்த தேதி, அதன் கீழேயே வயது, மதம், சாதி, மணமானவரா, இரத்த வகை. மணமான பெண் பிள்ளை என்றால் தகப்பனார் இருந்த இடத்தில் கணவர் பெயர். பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது. கடைசியில், மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று ஓர் உறுதிமொழியும் கையெழுத்தும்.

இதில் அந்தப் பிள்ளை என்ன வேலை செய்யும் என்பது எங்கே? அது இருக்காது.

ஒரு பையன். வணிகவியல் பட்டம். தோவாளைப் பூச்சந்தையில் மாமா கடையில் இரண்டு வருஷம் கணக்கு எழுதியிருக்கிறான். விடியும் முன்னே போய், வந்த பூவை எடை போட்டு, ஓணம் சமயத்தில் கேரளத்துக்குப் போகும் சரக்குக்கு ஆள் வாரியாகப் பற்று வரவு வைத்து, வராத பாக்கியைப் போனில் பேசி வாங்கியிருக்கிறான். கணக்காளர் வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்? தாளில் ஒரு வரி இல்லை. “இதை ஏன் மக்ளே எழுதல்லே?” என்று கேட்டேன். “அது வேலையா தாத்தா, வீட்டு ஆளுக கடைதானே” என்றான். ஆனால் இரத்த வகை எழுதியிருந்தான்.

ஒரு பெண் பிள்ளை. குலசேகரம் பக்கம். தகப்பனாருக்கு ரப்பர் பால்வெட்டு. தாளில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ‘பிசினஸ்’ என்று இருந்தது. நான் கேட்காமலே அவள் சொன்னாள்: “பால்வெட்டுன்னு எழுதினா கூப்பிட மாட்டாங்க தாத்தா.” இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். இருட்டோடு எழுந்து மரம் மரமாய்ப் போய்ப் பால்வெட்டி அவளைப் படிக்க வைத்தவர் அந்த மனிதர். அவள் வேலை கேட்கும் தாளில் அவரையே மறைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டத்தை அங்கே வைத்தவன் யார்? நிரப்பிக் கொடுப்பதால் யாருக்கு லாபம்? அவளுக்கு இல்லை.

சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். நான் பள்ளிப்படிப்பைப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தகப்பனாருக்கு அங்கே உத்தியோகம். ‘ரெஸ்யூமே’ என்று நாம் சொல்வது பிரெஞ்சுச் சொல். ‘சுருக்கியது’ என்று பொருள். வேடிக்கை என்னவென்றால் பிரெஞ்சுக்காரர்கள் வேலைத் தாளுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அவர்கள் ‘சே வே’ என்பார்கள். கரிக்குலம் விட்டே என்ற லத்தீன் தொடரின் முதல் எழுத்துகள். ‘வாழ்க்கையின் ஓட்டம்’ என்று சொல்லலாம். நீ எங்கிருந்து ஓடி எங்கே வந்திருக்கிறாய், வழியில் என்ன செய்தாய் என்பதுதான் பொருள். எந்த வீட்டில் பிறந்தாய் என்பது ஓட்டத்தில் சேராது.

இந்த வகைத் தாளுக்கு முன்னோடி என்று எல்லோரும் காட்டுவது லியனார்டோ டா வின்சி, 1482 வாக்கில், மிலானை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய கடிதத்தை. வரிசை எண் போட்டு எழுதியிருக்கிறார். எடை குறைந்த பாலம் கட்டுவேன், அகழியின் தண்ணீரை இறைப்பேன், பீரங்கி செய்வேன், மூடிய வண்டி செய்வேன் என்று அடுக்குகிறார். சமாதான காலத்தில் கட்டடம், சிற்பம், ஓவியம் என்பது கடைசியில்தான் வருகிறது. அந்தப் பிரபுவுக்கு அப்போது வேண்டியது போர்க்கருவி, அதனால் அது முதலில். அவர் ஒரு நோட்டரிக்கு மணமில்லாமல் பிறந்த மகன். நம் ஜெராக்ஸ் கடை மாதிரியில் எழுதியிருந்தால் ‘சொந்த விவரம்’ பகுதியிலேயே அவர் கதை முடிந்திருக்கும்.

“இருந்தா இருக்கட்டும் சார், எழுதினா என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் என்ன என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்ற இருவரும் இந்தியாவில் தனியார் நிறுவனங்களின் பத்திரிகை விளம்பரங்களுக்கு 66 வாரம் விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். 548 விளம்பரங்கள், 4808 விண்ணப்பங்கள். தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் முடிவு வந்தது. உயர்சாதி இந்துப் பெயருக்கு நேர்முக அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 100 என்று வைத்தால் தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33. அமெரிக்காவில் பாஸ்டனிலும் சிகாகோவிலும் நடந்த இதே மாதிரிச் சோதனையின் முடிவு 2004-இல் வெளியானது. வெள்ளையர் பெயர் என்று தோன்றும் தாள்களுக்குக் கறுப்பர் பெயர்த் தாள்களைவிட 50 சதவீதம் கூடுதல் அழைப்பு. வெறும் பெயரே இவ்வளவு செய்கிறது என்றால், மதம், சாதி, தகப்பனார் தொழில் என்று தனித்தனிக் கட்டம் போட்டுக் கொடுப்பது என்ன செய்யும்?

நம் பக்கத்துக்கு இது புதுக்கதையும் அல்ல. இந்த ஜில்லா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி. அந்தத் திருவிதாங்கூரில் பல்பு என்று ஒரு டாக்டர். 1863-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அங்கே மருத்துவம் படிக்க விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. சென்னைக்குப் போய் எல்.எம்.எஸ். படித்துத் தேறி வந்து, சொந்த சமஸ்தானத்தில் வேலை கேட்டார். ஈழவர் என்பதால் அதுவும் கிடைக்கவில்லை. மைசூர் சமஸ்தானம் வேலை கொடுத்தது. பெங்களூரில் பிளேக் வந்தபோது அங்கே வைத்தியம் பார்த்தார். 1896-இல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவ மெமோரியல் அவர் முன்நின்று மகாராஜாவிடம் கொடுத்த மனு. படிப்பிலும் அரசு வேலையிலும் எங்களுக்கும் இடம் வேண்டும் என்பதே கோரிக்கை. பிறகும் பல மனுக்கள், போராட்டங்கள். 1936-இல்தான் திருவிதாங்கூரில் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் வந்தது. பல்புவின் கையில் பட்டம் இருந்தது. பார்த்தவர்கள் பட்டத்தைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கே வருவார் என்று தெரியும். “நீரும் சர்க்கார் ஆபீஸில்தானே இருந்தீர்? சர்க்கார் விண்ணப்பத்திலும் சாதி கேட்கிறார்களே, அதை முதலில் எடுக்கச் சொல்லும்.” இல்லை, எடுக்கச் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒன்றல்ல. அரசு சாதியைக் கேட்பது கொடுப்பதற்காக. அரசியல் சட்டம் 16-ஆம் பிரிவில், மதம், சாதி, பால், வம்சம், பிறந்த இடம் இவற்றைக் காட்டி அரசு வேலையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, போதிய இடம் கிடைக்காத பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு செய்யலாம் என்கிறது. தமிழ்நாட்டில் 69 சதவீத ஒதுக்கீட்டுக்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சாதிச் சான்றிதழை அதற்கென்று உள்ள அதிகாரி விசாரித்துக் கொடுக்க வேண்டும். எந்த இடம் யாருக்கு என்பதற்கு இனச்சுழற்சிப் பட்டியல் உண்டு. அதில் தவறினால் கோர்ட்டுக்குப் போகலாம், நானே அப்படிப்பட்ட ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். அதாவது, கேட்பவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். தனியார் கம்பெனியில் சாதியைக் கேட்டால் எந்தப் பட்டியலுக்காகக் கேட்கிறான்? அங்கே ஒதுக்கீடும் இல்லை, இனச்சுழற்சியும் இல்லை, கேட்க நாதியும் இல்லை. அவன் கேட்பது கழிப்பதற்கு மட்டுமே உதவும்.

இன்னொரு வேடிக்கை. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாடு அதை மெல்ல மெல்லக் கடைப்பிடித்தது. நம் நாஞ்சில் நாட்டில் அந்தக் காற்று கொஞ்சம் தாமதமாக அடித்தாலும் அடித்தது. இன்றைய பிள்ளைகள் பெயரில் வால் கிடையாது. ஆனால் அறுத்த வாலைப் பத்திரமாக எடுத்து, இரண்டாம் பக்கத்தில் ஒட்டிக் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள்!

பிரெஞ்சுத் தொழில் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு, எல்.1221-6. வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் கேட்கும் விவரம், அவர் அந்த வேலையைச் செய்வாரா என்று அறிவதற்காக மட்டுமே இருக்க வேண்டும். அந்த வேலையோடு நேரடியான, அவசியமான தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். நான் ஒன்றும் பிரெஞ்சுக்காரனின் புகழ் பாட வரவில்லை. அங்கேயும் பெயரைப் பார்த்துக் கழிக்கிறார்கள். அதற்காக 2006-இல் பெரிய நிறுவனங்களில் பெயரில்லாத ‘சே வே’ வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதற்கான ஆணையை வெளியிடாமல் இழுத்தடித்து 2015-இல் ‘விரும்பினால் செய்யலாம்’ என்று மாற்றிவிட்டார்கள். நடுவில் செய்து பார்த்த சோதனையில், பெயரை மறைத்தது வெளிநாட்டு வம்சாவளியினருக்கு உதவவில்லை, சில இடங்களில் பாதகமாகவே முடிந்தது. எனவே பெயரை மறை என்று நான் சொல்லவில்லை. மறைப்பது வேறு, கேளாமல் அள்ளிக் கொடுப்பது வேறு. நேரடியான, அவசியமான தொடர்பு என்ற அந்த அளவுகோல் மட்டும் போதும். கேட்பவனுக்கும் அது பொருந்தும், எழுதுபவனுக்கும் பொருந்தும்.

அந்த அளவுகோலை வைத்து எழுதினால் தாள் எப்படி இருக்கும்? குமாஸ்தா புத்தியில் வரிசையாகச் சொல்கிறேன்.

பெயர், பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் உள்ளபடி. நமக்கு இனிஷியல், வெளிநாட்டுக்காரனுக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். பள்ளியில் எங்களையும் ‘நோம்’, ‘பிரேநோம்’ என்று இந்தக் கட்டம் படாத பாடு படுத்தியது. ஒரு தாளில் இனிஷியலும் இன்னொன்றில் விரித்த பெயரும் இருந்தால் வளைகுடா விசாவில் போய் முட்டும். எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். பெயருக்குக் கீழே போன் நம்பர், மெயில், ஊர். போதும்.

அடுத்தது செய்த வேலை. ‘கடின உழைப்பாளி’ என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். “தோவாளை மொத்தப் பூக்கடையில் 2 ஆண்டு தினசரிப் பற்று வரவு எழுதினேன், பண்டிகைக் காலத்தில் வெளிமாநில வியாபாரிகளின் பாக்கியைத் தனியாக வைத்து வசூலித்தேன்” என்று எழுதினால் நம்புவார்கள். எங்கே, எவ்வளவு நாள், என்ன செய்தாய், எத்தனை. மாமா கடை என்றாலும் கடைதான். குளச்சலில் அப்பாவின் போட் என்ஜினைப் பிரித்து மாட்டிய பையன் டீசல் மெக்கானிக் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதை முதல் வரியில் எழுத வேண்டும். திங்கள்சந்தையில் டியூஷன் எடுத்த பெண், எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு என்று எழுத வேண்டும்.

படிப்பு மதிப்பெண்ணைப் படிப்பவனுக்குப் புரியும்படி எழுத வேண்டும். வேலை தேடிய நாளில் நான் பட்ட பாடு இது. என் ‘பிரெவே’ சான்றிதழோடு ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். பிரெஞ்சு முறையில் 20-க்குத்தான் மார்க். 12 வாங்கினாலே ‘பரவாயில்லை, நன்று’ என்பார்கள், 16-க்கு மேல் வாங்குபவன் அபூர்வம். என் தாளில் 13, 14 என்று இருந்தது. அங்கிருந்தவர் அதை நூற்றுக்கு என்று படித்துவிட்டு, எல்லாப் பாடத்திலும் தோல்வி என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பிவிட்டார். மொழிபெயர்ப்பு இணைத்திருந்தேன், புரட்டவே இல்லை. என் தகப்பனார் பெயர் எழுதிய கட்டத்தை மட்டும் சரி பார்த்து டிக் போட்டிருந்தார்! அடுத்த இடத்துக்கு அனுப்பியபோது, 20-க்கு இத்தனை, அங்கே இது எந்த வகுப்புக்குச் சமம் என்று முதல் பக்கத்திலேயே இரண்டு வரி எழுதினேன். வேலை நடந்தது. இன்று கிரேடு, கிரெடிட், பத்துக்கு இத்தனை என்று கல்லூரிக்கு ஒரு முறை இருக்கிறது. எதற்கு எத்தனை என்று சேர்த்து எழுதுங்கள்.

விண்ணப்பக் கட்டைப் பிரிப்பவனின் மனசையும் சொல்லிவிடுகிறேன். ஐந்நூறு தாள் முன்னால் இருக்கும்போது அவன் தேடுவது நல்ல தாளை அல்ல, ஒதுக்கக் கூடிய தாளை. கையெழுத்து இல்லை, இணைப்பு இல்லை, கேட்ட தகுதி கண்ணில் படவில்லை என்றால் அவனுக்குச் சந்தோஷம், ஒன்று குறைந்தது. இன்று பெரிய கம்பெனிகளில் அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அதுவும் விளம்பரத்தில் கேட்ட சொல் தாளில் இருக்கிறதா என்று பார்க்கிறது. பூப்போட்ட பார்டரும் பெட்டி பெட்டியான அலங்காரமும் அதைக் குழப்பும். எனவே ஒவ்வொரு வேலைக்கும் விளம்பரத்தைப் படித்து, அதற்கு வேண்டியதை மேலே கொண்டுவந்து, தனித் தாள். ஒரே தாளை நூறு ஜெராக்ஸ் எடுப்பது நோட்டீஸ் அடிப்பது.

ஆதார் எண், பாஸ்போர்ட் எண், சான்றிதழ் நகல்களை முதல் தாளோடு யாருக்கும் அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு வேலை என்று சொல்லும் ஏஜெண்டுக்கு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள், பிறகு அவன் உங்கள் விவரத்தைக் கேட்கட்டும். நர்ஸ் படித்த நம் பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போகும்போது ‘யூரோபாஸ்’ என்ற மாதிரியில் தாள் கேட்பதுண்டு. அதில் மதத்துக்கும் தகப்பனார் தொழிலுக்கும் கட்டமே கிடையாது. அவன் ஊருக்குப் போக வேண்டாத விவரம், மீனாட்சிபுரத்தில் ஒரு கம்பெனிக்குப் போக ஏன் வேண்டும்?

கடைசியாக ஒரு வாதம் பாக்கி இருக்கிறது. “குடும்பப் பின்னணி தெரிந்தால்தானே நம்பி வேலை கொடுக்க முடியும்?” டெல்லிப் பக்கத்துப் பெரிய கம்பெனி அதிகாரிகளே இதைத்தான் சொல்கிறார்கள் என்று சுரிந்தர் ஜோத்காவும் காதரின் நியூமனும் 2007-இல் எழுதினார்கள். தகுதி ஒன்றே பார்ப்போம் என்று ஒரு மூச்சு, குடும்பம் எப்படி என்று அடுத்த மூச்சு. பணப்பெட்டிச் சாவி கொடுக்கும் வேலை என்றால் முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரியுங்கள். ஆளைத் தேர்ந்த பிறகு போலீஸ் சான்று கேளுங்கள். அதெல்லாம் அந்த ஆளைப் பற்றியது. பால்வெட்டுக்காரர் மகள் திருடுவாள், ‘பிசினஸ்’ வீட்டு மகள் திருட மாட்டாள் என்று எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது?

நம் ஜில்லாவில் பள்ளி, ஆஸ்பத்திரி, நகைக்கடை, ஜவுளிக்கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் படிவத்தை எடுத்துப் பாருங்கள். வேலைக்கு நேரடியாக வேண்டாத கட்டங்களை அடித்துவிட்டுப் புதிதாக அச்சடியுங்கள். செலவு ஒன்றும் இல்லை. சம்பளப் பட்டியலுக்கோ பி.எஃப். நாமினிக்கோ குடும்ப விவரம் வேண்டும் என்றால், வேலை கொடுத்த மறுநாள் வாங்கிக் கொள்ளலாம்.

பெற்றோரே, தாத்தா பாட்டிகளே, வீட்டில் வேலை தேடும் பிள்ளை இருந்தால் அதன் தாளை இன்றைக்கே வாங்கிப் பாருங்கள். ‘சொந்த விவரம்’ என்ற பகுதியின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அந்த இடத்தில், பிள்ளை இதுவரை செய்த வேலைகளை, சம்பளம் வாங்கியதோ வாங்காததோ, ஒன்று விடாமல் சொல்லச் சொல்லி எழுதுங்கள். மறந்துபோனதை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்.